டேபிள் சா வாங்கப் போகும்போது மூலைமட்டத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்

டேபிள் சா, அதாவது மேசை நடுவே வட்ட ரம்பம் சுற்றும் மெஷின், வாங்கப் போகிறவர் கையில் மூன்று பொருள் இருக்க வேண்டும்: தலை நகரும் மூலைமட்டம் ஒன்று, நீளமான இரும்பு ஸ்கேல் ஒன்று, ஒரு மார்க்கர் பேனா. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும். பெட்டியில் அச்சடித்திருப்பதை எல்லாம் விட இந்த மூன்றும் உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

நான் முழுநேரத் தச்சன் இல்லை. விடுமுறை நாட்களில் அலமாரி, டிராயர், மேசை என்று ஏதாவது செய்துகொண்டிருப்பவன். தெரிந்தவர்கள் மெஷின் வாங்கும்போது கூட வரச் சொல்வார்கள், போவேன். அங்கே போய் நான் எதைப் பார்ப்பேன், எதைக் கண்டுகொள்ள மாட்டேன் என்பதுதான் இது. விலையைப் பொறுத்தவரை, ஆட்டம் காணும் மலிவு மெஷினுக்கு மேலே, தொழிற்கூடத்துப் பெரிய கேபினட் சாவுக்குக் கீழே இருக்கும் நடுத்தர ரகம்தான் நம் பேச்சு.

முதலில், உங்களுக்கு டேபிள் சா தேவைதானா? பிளைவுட் ஷீட்டைத் துண்டு போடுவது மட்டும்தான் வேலை என்றால் தண்டவாளத்தில் ஓடும் டிராக் சா போதும். 8 அடிக்கு 4 அடி ஷீட்டைத் தனி ஆளாக மேசை மேல் ஏற்றித் தள்ளுவதை விட, ஷீட்டைத் தரையில் கிடத்தி ரம்பத்தை அதன் மேல் ஓட்டுவது நூறு மடங்கு நிம்மதி. டேபிள் சா தன் காசைத் திருப்பித் தரும் இடம் வேறு. ஒரே அகலத்தில் இருபது சட்டம் வேண்டும், எட்டு டிராயருக்குப் பக்கப் பலகை வேண்டும், அடித்தட்டு உட்கார எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் காடி எடுக்க வேண்டும். அந்த மாதிரி வேலை உங்களுக்கு இருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். 2440 மி.மீ. நீளப் பலகையை நீளவாக்கில் அறுக்க, பிளேடுக்கு முன்னால் அவ்வளவு நீளம், பின்னால் அவ்வளவு நீளம், நடுவே மெஷின். மொத்தம் ஐந்தரை மீட்டர். அது இல்லையென்றால் சக்கரம் வைத்த ஸ்டாண்டு உள்ள மெஷினைத்தான் பார்க்க வேண்டும். வேலை நேரத்தில் கதவுக்கு நேராக உருட்டிக்கொள்ளலாம்.

நடுத்தர விலையில் கிடைப்பவை மூன்று குடும்பம். ஜாப்சைட் சா: அலுமினிய மேசை, 20 முதல் 45 கிலோ வரை எடை, மிக்ஸி போலக் கத்தும் யுனிவர்சல் மோட்டார். கான்ட்ராக்டர் சா: வார்ப்பிரும்பு மேசை, பின்பக்கம் தொங்கும் இண்டக்‌ஷன் மோட்டார், பெல்ட். ஹைப்ரிட் சா: அதே மோட்டார் மூடிய பெட்டிக்குள் இருக்கும், எடை 100 கிலோவைத் தாண்டும். இடம் நிரந்தரம், கரண்ட் இணைப்பு சரியாக இருக்கிறது என்றால் ஹைப்ரிட் வாங்குங்கள் என்பேன். இடம் இல்லாதவருக்கு நல்ல ஜாப்சைட் சா. கான்ட்ராக்டர் வகையைப் புதிதாக வாங்க எனக்கு மனம் வராது. பின்பக்கம் திறந்து கிடப்பதால் தூள் முழுக்கத் தரையில்தான். பழையது மலிவாக வந்தால் சரி.

இனி கடைக்குள் போவோம்.

என் கண் முதலில் போவது ரிவிங் நைஃபுக்கு. பிளேடுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் மெல்லிய இரும்புத் தகடு அது. பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழே மேசையோடு அழுத்தும். பின்பக்கப் பற்கள் மேலே எழும்பி வரும். அறுபட்ட மரம் உள்ளே இருக்கும் இறுக்கத்தால் சேர்ந்து பிளேடைக் கவ்வினாலோ, பலகையை ஒட்டி வைத்துத் தள்ளும் நேர்ச்சட்டமான ஃபென்ஸை விட்டு விலகிப் பின்பல்லில் மாட்டினாலோ, அந்தப் பற்கள் பலகையைத் தூக்கி உங்கள் வயிற்றைப் பார்த்து எறியும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போது பல் நுனியின் வேகம் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர். கிக்பேக் என்பது இதைத்தான். ரிவிங் நைஃப் அந்த இடைவெளியில் நின்று மரத்தைச் சேரவும் விடாது, பின்பல்லுக்குப் போகவும் விடாது.

பழைய மெஷின்களில் ஸ்ப்ளிட்டர் இருக்கும். பார்க்க ஒன்று போலத்தான் தெரியும், ஆனால் பிளேடோடு ஏறி இறங்காது. காடி எடுக்க அதைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றியவர் திரும்ப மாட்டியதை நான் பார்த்ததில்லை. ரிவிங் நைஃப் பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கிச் சாயும், பிளேடின் உச்சிக்குச் சற்றுக் கீழேயே நிற்கும், அதனால் காடி எடுக்கும்போதும் அது இருந்த இடத்திலேயே இருக்கலாம். இது இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பேரம் கிடையாது.

அதன் தடிமனையும் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். பிளேடின் உடல் தடிமனை விட அது பருமனாக இருக்க வேண்டும், பல் அறுக்கும் அகலத்தை விட மெல்லிசாக இருக்க வேண்டும். 2.4 மி.மீ. அகலம் அறுக்கும் மெல்லிய பிளேடைப் போட்டுவிட்டு 2.5 மி.மீ. நைஃபை நிறுத்தினால் பலகை பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும். பின்னாளில் பிளேடு மாற்றும்போது பலரும் குழம்புவது இங்கேதான்.

அடுத்தது ஃபென்ஸ். நடுத்தர விலை மெஷின்களுக்குள் நல்லதையும் மோசமானதையும் பிரிப்பது மோட்டார் அல்ல, ஃபென்ஸ்தான். மோட்டார் சற்று பலவீனம் என்றால் மெதுவாகத் தள்ளிச் சமாளிக்கலாம். ஃபென்ஸ் கோணலாகப் பூட்டினால் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் டேப் எடுத்து முன்னும் பின்னும் அளந்து, தட்டித் தட்டிச் சரிசெய்து, கடைசியில் வேலையே வெறுத்துப்போகும்.

எப்படிச் சோதிப்பது? ஃபென்ஸை மைட்டர் காடியின் (பிளேடுக்கு இணையாக மேசையில் ஓடும் பள்ளம்) விளிம்புக்கு நேராகக் கொண்டுவந்து பூட்டுங்கள். விளிம்பும் ஃபென்ஸும் முன்னாலும் பின்னாலும் ஒன்றாகப் போகின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். நகத்துக்கு அரை மி.மீ. கூடத் தெரியும். பிறகு கைப்பிடியைத் தளர்த்தி, ஃபென்ஸைத் தூரத் தள்ளி, மறுபடி கொண்டுவந்து பூட்டுங்கள். இந்த முறை ஃபென்ஸின் பின்முனையைப் பிடித்து இழுங்கள். அடுத்த முறை முன்னால் ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டு பூட்டுங்கள். பத்துத் தடவை செய்தாலும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தால் அது ஃபென்ஸ். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தால், கைப்பிடியின் இறுக்கத்தைக் கூட்டச் சொல்லி மறுபடி பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் அடுத்த மெஷினுக்குப் போய்விடுங்கள். கடைசியாக, பூட்டியபடியே பின்முனையைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். கொஞ்சம் வளைந்து கொடுப்பது எல்லாவற்றிலும் உண்டு. கையை எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்பதுதான் முக்கியம்.

வடிவம் என்று பார்த்தால் இரண்டை நம்பலாம். ஒன்று, பில் பீஸ்மையர் உருவாக்கிப் பரவலாக்கிய டி-ஸ்கொயர் ஃபென்ஸ்: ஃபென்ஸ் நகரும் முன்பக்கத் தண்டை மட்டும் பெரிய டி வடிவத்தில் கவ்வும், கனமான இரும்பு. ஹைப்ரிட் மெஷின்களில் பெரும்பாலும் இதன் ஏதோ ஒரு பிரதி இருக்கும். இன்னொன்று பற்சக்கரத்தால் முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் நகரும் ரேக் அண்ட் பினியன் வகை. சில ஜாப்சைட் மெஷின்களில் வருகிறது. குமிழைத் திருகினால் அரை மி.மீ. நகர்த்தலாம், இணைகோடு தவறாது. சின்ன மெஷினில் இது இருந்தால் நான் உடனே தலையாட்டிவிடுவேன்.

எவ்வளவு தூரம் ஃபென்ஸ் நகர வேண்டும்? 1220 மி.மீ. ஷீட்டைச் சரிபாதியாகப் பிளக்க 610 மி.மீ. வேண்டும், அதாவது 24 அங்குலம். 30 அங்குலம் இருந்தால் வசதி. 52 அங்குலத் தண்டு வீட்டுப் பட்டறையில் பெரும்பாலும் சாமான் வைக்கும் பலகையாகத்தான் முடியும். ஃபென்ஸுக்கும் மேசைக்கும் நடுவே இடுக்கு இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். இருந்தால் மெல்லிய லேமினேட், வெனீர் எல்லாம் அடியில் நுழைந்துவிடும். ஒரு கட்டையை ஃபென்ஸோடு கிளாம்ப் செய்து அடைத்துக்கொள்ளலாம், பெரிய குறை இல்லை.

இப்போது மார்க்கர் பேனாவுக்கு வேலை. மெஷினின் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள், கழற்றியதை நீங்களே பாருங்கள். பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். முன்பக்கம், மைட்டர் காடியின் பக்கமாகச் சாய்ந்திருக்கும் ஒரு பல்லில் புள்ளி வையுங்கள். மூலைமட்டத்தின் தலையைக் காடியின் பக்கச் சுவரில் அழுத்திப் பிடித்து, ஸ்கேலை அந்தப் பல் நுனியை லேசாகத் தொடும் வரை நீட்டித் திருகைப் பூட்டுங்கள். பிளேடைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தால் பல் ஸ்கேலில் உரசும் சத்தம் மெல்லிசாகக் கேட்கும். இனி அதே பல் பின்பக்கம் வரும்படி பிளேடைக் கையால் சுற்றுங்கள், மூலைமட்டத்தையும் பின்னால் கொண்டுபோங்கள். அதே உரசல், அதே சத்தம் வர வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே பல்லை வைத்துப் பார்ப்பதால் பிளேடில் ஏதாவது நெளிவு இருந்தாலும் அது கணக்கைக் கெடுக்காது.

தொடவில்லை என்றால் இடைவெளியில் சாதாரண அச்சுத் தாளை நுழைத்துப் பாருங்கள். ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ. ஒரு தாள் நுழைகிற அளவு என்றால் கவலைப்பட வேண்டாம். மூன்று நான்கு தாள் போகிறது என்றால் அப்படியே பயன்படுத்த முடியாது. சரிசெய்ய வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பின்னால் தொடுவதற்குப் பதில் ஸ்கேல் பல்லில் இடித்துக்கொண்டு நகர மறுத்தாலும் அதே விலகல்தான், எதிர்த்திசையில். பிளேடைத் தாங்கும் ட்ரனியன் பெட்டியோடு பொருத்தியதா, மேசையின் அடியில் பொருத்தியதா என்பது இங்கேதான் முக்கியமாகிறது. பெட்டியோடு என்றால் மேசையின் போல்ட்டுகளைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் மேசையை ஒரு தட்டு தட்டிச் சரிசெய்யலாம். மேசைக்கு அடியில் என்றால் உள்ளே கையை விட்டு, எட்டாத இடத்து போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். முடியாதது இல்லை, முதுகு வலிக்கும். பிளேடை 45 டிகிரி சாய்த்தும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். நேராக நிற்கும்போது யோக்கியமாக இருந்துவிட்டுச் சாய்த்ததும் முறுக்கிக்கொள்ளும் மெஷின்கள் உண்டு.

மைட்டர் காடியின் அளவும் முக்கியம். 19 மி.மீ. அகலம், 9.5 மி.மீ. ஆழம் என்பதுதான் பரவலான அளவு. அது இருந்தால் பலகையை அழுத்திப் பிடிக்கும் ஃபெதர்போர்டு, குறுக்கு வெட்டுக்கான ஸ்லெட் என்னும் நகரும் தட்டு எல்லாம் தயாராகவே கிடைக்கும், நாமே செய்துகொள்ளவும் எளிது. சில மெஷின்களில் வேறு எதற்கும் பொருந்தாத அளவில் வைத்திருப்பார்கள். காடியில் ஓடிக் கோணம் வைத்து அறுக்க உதவும், அதோடு வரும் மைட்டர் கேஜை மட்டுமே நம்பி வாழ வேண்டும், அந்தக் கேஜும் லொடலொட என்று ஆடும்.

மோட்டாருக்கு வருவோம். என் அக்கா மகன் ஒரு மெஷினைக் காட்டி, "மாமா, இதில் நாலு ஹெச்.பி. போட்டிருக்கு, விலையும் குறைச்சல்" என்றான்.

"பின்னாடி இருக்கிற தகட்டைப் படிடா."

படித்தான். 1800 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். நான்கு என்றால் 2984 வாட். மெஷின் உள்ளே இழுப்பதே 1800 என்னும்போது வெளியே எப்படி 2984 வரும்? ஸ்டிக்கரில் இருந்தது மோட்டார் நின்றுபோகிற தருணத்தில் ஒரு கணம் எட்டும் உச்சக் கணக்கு. அறுக்க உதவாது. ஸ்டிக்கரை மறந்துவிட்டுத் தகட்டைப் படியுங்கள். அதில் எஸ்1 என்று இருந்தால் அந்த வாட்டில் தொடர்ந்து ஓடும். எஸ்6 40% என்றால் பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் மட்டும் அந்தப் பளுவைத் தாங்கும், மீதி ஆறு நிமிடம் வெறுமனே சுற்ற வேண்டும். 2000 வாட் எஸ்6, 1500 வாட் எஸ்1 இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முதலாவது பெரியது என்று நினைத்துவிடக் கூடாது.

வீட்டு வேலைக்கு ஒன்றரை முதல் இரண்டு குதிரைத்திறன் இண்டக்‌ஷன் மோட்டார் போதும். ஜாப்சைட் மெஷினில் 1800 வாட் அளவு. கடினமான மரத்தில் திணறினால் 3.2 மி.மீ. பிளேடுக்குப் பதில் 2.4 மி.மீ. போடுங்கள், நான்கில் ஒரு பங்கு மரத்தைக் குறைவாகத் தின்னும், மோட்டாருக்கு அவ்வளவு பளு மிச்சம். நைஃப் தடிமன் ஞாபகம் இருக்கட்டும்.

பிளேடு அளவு 10 அங்குலம் என்றால் நேராக சுமார் 79 மி.மீ. ஆழம் அறுக்கலாம். எட்டேகால் அங்குல மெஷினில் சுமார் 65 மி.மீ. மேசைக் கால் தவிர வீட்டில் நாம் அறுப்பது 18 மி.மீ. பிளைவுட்டும் 25, 40 மி.மீ. பலகையும்தானே? சின்னதை ஒதுக்க வேண்டியதில்லை. பிளேடின் நடுத்துளை அளவை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 5/8 அங்குலமா, 30 மி.மீ.யா, வேறு ஏதாவதா என்று. நீங்கள் வாங்கும் இடத்தில் அந்தத் துளையில் நல்ல பிளேடு கிடைக்க வேண்டும். அகலக் காடி எடுக்கும் டேடோ பிளேடு போட ஆசை இருந்தால் பிளேடு மாட்டும் தண்டின் நீளம் போதுமா என்று கையேட்டில் பாருங்கள், பல மெஷின்களில் போடவே முடியாது. எனக்கு அது ஒரு குறையாகப் பட்டதில்லை. காடி எடுக்கும் கை மெஷினான ரூட்டர் இருக்கிறது.

மேசையில் இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பிளேடைச் சுற்றிய பகுதி மட்டமாக இருக்க வேண்டும். ஓரத்தில் அரை மி.மீ. குழி இருந்தால் தலை போகாது. வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும், அவ்வப்போது மெழுகு தேய்க்க வேண்டும். அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் காந்தம் வைத்த ஃபெதர்போர்டு அதில் ஒட்டாது.

பலரும் கவனிக்காத ஒன்று: பிளேடைச் சுற்றியிருக்கும் தட்டு, இன்சர்ட். அதைக் கழற்றி அது உட்காரும் பள்ளத்தின் ஆழத்தைப் பாருங்கள். 10, 12 மி.மீ. ஆழம் இருந்தால் பிளைவுட்டில் நாமே ஒரு தட்டு செய்து, பிளேடை மெல்ல ஏற்றி, பிளேடு அகலத்துக்கு மட்டும் வாய் திறந்த ஜீரோ கிளியரன்ஸ் இன்சர்ட் ஆக்கிக்கொள்ளலாம். பிளைவுட் அடியில் சிராய் பெயர்வது பெருமளவு நின்றுவிடும், மெல்லிய துண்டுகள் உள்ளே விழாது. தகர இன்சர்ட் உட்காரும் மூன்று மி.மீ. பள்ளம் என்றால் அது சுலபத்தில் நடக்காது.

சுவிட்ச் பெரிதாக, முழங்காலால் இடித்தே நிறுத்தும்படி இருக்க வேண்டும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. தூள் போகும் வாய் 100 மி.மீ. என்றால் நல்லது, 64 மி.மீ. என்றால் வேக்குவம் கிளீனர் இணைக்கலாம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது, அதனால் முகமூடியும் வாங்கிக்கொள்ளுங்கள். கையுறை வேண்டாம், சுற்றும் பிளேடுக்குப் பக்கத்தில் அது கையை உள்ளே இழுக்கும்.

விரல் பட்டதும் நிற்கும் மெஷின் பற்றிக் கேட்பார்கள். ஸ்டீவ் காஸ் 1999-ல் யோசித்த சாஸ்டாப் முறை அது. தோல் பிளேடில் பட்டதும் மின்சைகை மாறும், ஒரு அலுமினியக் கட்டை பிளேடுக்குள் பாய்ந்து 5 மில்லிசெகண்டுக்குள் நிறுத்திவிடும். அந்தக் கட்டை இருக்கும் கார்ட்ரிட்ஜும் போகும், பெரும்பாலும் பிளேடும் போகும், விரலில் ஒரு கீறல் மிஞ்சும். ஈர மரம், மரத்துக்குள் ஒளிந்திருக்கும் உலோகம் ஆகியவற்றாலும் அது இயங்கிவிடலாம் என்பதால் எச்சரிக்கை வேண்டும். நடுத்தர விலையின் மேல் எல்லையில் இது கிடைக்கிறது. உங்கள் பட்டறையில் இளைஞர்களும் புதியவர்களும் வேலை செய்வார்கள் என்றால் வேறு எதில் குறைத்தாவது இதை வாங்குங்கள் என்பேன். ஒன்று மட்டும்: இது கிக்பேக்கைத் தடுக்காது. ரிவிங் நைஃபும் தள்ளுகட்டையும் அப்போதும் வேண்டும்.

பழைய மெஷின் என்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பிளேடு மாட்டும் தண்டைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. மாற்றக்கூடியதுதான், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. மேசைத் துரு தேய்த்தால் போகும். ட்ரனியனில் விரிசல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

மொத்தக் காசையும் மெஷினிலேயே கொட்டிவிடாதீர்கள். நல்ல கார்பைடு பிளேடு ஒன்றுக்கும் இரண்டு தள்ளுகட்டைக்கும் ஒதுக்கி வையுங்கள். ஒரே பிளேடு என்றால் 40 பல், எல்லா வேலைக்கும் ஓரளவு. அப்புறம் நீளவாக்கில் அறுக்க 24 பல், பிளைவுட்டுக்கு 60 அல்லது 80 பல். மெஷினோடு வரும் பிளேடைத் தூக்கிப் போட வேண்டாம். காந்தம் ஓட்டிப் பார்த்து ஆணி எல்லாம் பிடுங்கிய பிறகும் சந்தேகம் தீராத பழைய மரத்துக்கு அதுதான்.